கொழும்புக்குப் போய்வந்த முங்குசட்டை

சேசு மரி சூசை

தூத்துக்குடி
14 சனவரி 1946

அன்புள்ள தம்பி கஸ்பாருக்கு அக்கா மெட்டில்டா எழுதிக்கொண்டது. தேவமாதா கிருபையால் நான் இவ்விடம் சுகம். நீயும் உன் அத்தானும் தோணியில் நல்லபடியாகக் கொழும்பு சேர்ந்தீர்களா, அவருக்கு இருமல் நின்றதா என்று எழுதவும். அவருக்கு எழுத்து வாசனை இல்லாததால் என் கடிதங்களை நீதான் வாசித்துக்காட்ட வேண்டும். ஆகையால் உன்னைத் திட்டும் இடங்களையும் உரக்கவே வாசி.

கடலுக்குள் இறங்கப் போடுகிற முங்குசட்டை இரண்டில் ஒன்று உங்களிடம், ஒன்று என்னிடம். வேலையில் நைந்ததைத் தோணியில் அனுப்பினால், ஒட்டித் தைத்து வைத்திருக்கும் மற்றதை நான் அதே தோணியில் அனுப்புவேன். பட்டாளத்துச் சாமானை ஏலம் எடுத்த சாய்பு நம் முற்றத்தில் நாலு சட்டை விரித்துப் போட்டது நினைவிருக்கும். உன் அத்தான் கண் சட்டையில் இல்லை. "ஏளா, அந்தப் பித்தளத் தொப்பியப் பாரு, கோயில் மணி கணக்கா மின்னுது" என்றார். "மணி அடிக்கவா கடலுக்குள்ள போறிய?" என்று கேட்டேன். சாய்பு சிரித்துவிட்டார். நான் மடிப்புகளை விரித்து முகர்ந்தேன். ரப்பர் செத்திருந்தால் புளித்த வாடை வரும், மடிப்பில் வெள்ளைக் கோடு விழும். கைகளையும் கழுத்தையும் கட்டிக் காற்றடைத்து, சோப்பு நுரை தடவிப் பார்த்த பிறகுதான் இரண்டைப் பொறுக்கினேன். இரண்டுமே அவர் உயரத்துக்குப் பார்த்தவை.

சட்டையோடு வந்த இங்கிலீஷ் தாளைக் கன்னியர் மடத்துச் சிஸ்டரிடம் கொண்டுபோய், கழுவுவதும் ஒட்டுவதும் எப்படி என்ற பக்கங்களுக்கு அர்த்தம் கேட்டுக்கொண்டேன். மீதி இறங்குவது ஏறுவது பற்றியதாம். அது ஆண்கள் பாடு என்று விட்டுவிட்டேன்.

தம்பி, கயிறு உன் கையில் இருப்பதால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது. அக்காள் புருஷன் முங்கினால் மச்சினன்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்று நம் ஆட்கள் வைத்திருப்பது சும்மா இல்லை. கயிறு நழுவினால் அறுவது அக்காள் தாலி. அப்பா சங்கு குளித்தபோது மாமாதான் பிடித்தார். "கயிறு துடிச்சா யோசிக்காத, இழு" என்பார் அப்பா. அதையே நானும் உனக்குச் சொல்கிறேன். யோசிக்காதே, இழு.

இப்படிக்கு,
உன் அக்கா மெட்டில்டா


சேசு மரி சூசை

கொழும்பு, கொச்சிக்கடை
20 பிப்ரவரி 1946

அன்புள்ள அக்காவுக்குக் கஸ்பார் எழுதியது. நாங்கள் இருவரும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும். அத்தானுக்கு இருமல் தோணியிலேயே நின்றுவிட்டது. அந்தோனியார் கோயிலுக்குப் பின்னால் அறை கிடைத்திருக்கிறது. சோறு மட்டும் நம் ஊர்ச் சோறு இல்லை. தேங்காயை எதில்தான் போடுவது என்று இவர்களுக்குக் கணக்கில்லை.

சண்டையில் முங்கின ஒரு கப்பலை உடைத்துச் செம்பும் பித்தளையும் எடுக்கிற வேலை. மிதவையில் நம் பம்பு இருக்கிறது. இரண்டு பேர் சக்கரம் சுற்றுகிறார்கள். நான் கயிற்றையும் காற்றுக் குழாயையும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அத்தான் ஈயச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தால் மிதவையே ஒரு பக்கம் சாய்கிறது. தொப்பிக்குள்ளிருந்து பாட்டு வேறு. எங்களுக்கு உதடு அசைவதுதான் தெரிகிறது.

மேற்பார்வைத் துரை ஒருவர், மேலே தூக்கும்போது நடுநடுவே நிறுத்தி நிறுத்தித் தூக்க வேண்டும், அவசரப்படக் கூடாது என்கிறார். அத்தானுக்குச் சிரிப்பு. "கெணத்துல வாளிய நிறுத்தி நிறுத்தியா எறைப்பாக? ஏலே, ஒங்க அக்கா சொன்னபடி செய். இவரு சங்கு கண்டாரா, கடல் கண்டாரா?" என்றார்.

பம்புக்குத் தோல் வாசர் நாலு வேண்டும். அத்தான் உனக்குச் சொல்லச் சொன்னது: "முற்றத்துக் கதவுக்குத் தாழ்ப்பாள் மாத்தச் சொல்லு. தனியாக் கெடக்கா, எவனாவது கோழியத் திருடிருவான்." கோழியைப் பற்றித்தான் கவலையாம்.

இப்படிக்கு,
தம்பி கஸ்பார்


சேசு மரி சூசை

தூத்துக்குடி
18 மார்ச் 1946

அன்புள்ள தம்பிக்கு. நான் சுகம். தபசு காலம் ஆகையால் ஒரு பொழுதுதான் சோறு. நீங்கள் கடல் வேலை செய்கிறவர்கள், ஒருசந்தி இருக்க வேண்டாம் என்று சாமியாரிடம் கேட்டு வைத்துவிட்டேன்.

தோணி ஓட்டுகிற தண்டல் சட்டை மூட்டையைக் கொண்டுவந்து தந்தார். நல்ல தண்ணீரில் உள்ளும் புறமும் அலசினேன். உப்பு தங்கினால் துணி இற்றுப்போகும். வெயில் படாமல் உள்கூடத்து உத்தரத்தில் கைகளை விரித்துத் தொங்கவிட்டேன். பக்கத்து வீட்டு அற்புதமணி தீக்குச்சி கேட்டு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஏளா மெட்டில்டா, ஒன் மாப்பிள வந்துட்டாவளா? சொல்லவே இல்ல!" என்றாள். பிறகு கிட்டே வந்து பார்த்துவிட்டு, "இதுவும் நல்லதுதான். இது சோத்துல உப்பு இல்லன்னு சொல்லாது" என்றாள்.

அவள் போன பிறகு அதைத் திருப்பி, முதுகு என் பக்கம் இருக்கும்படி தொங்கவிட்டேன். முகம் இல்லாத கழுத்தைப் பார்த்துக்கொண்டு செபமாலை சொல்ல முடியவில்லை.

வலது முழங்கால் ஒட்டு விட்டிருந்தது. ஒட்டிவிட்டேன். மணிக்கட்டுப் பட்டைக்கு ரப்பர் கடையில் கிடைக்கவில்லை. லாரி டியூப் ஒன்று வாங்கி அறுத்து, அவர் மணிக்கட்டு அளவுக்கே ஒட்டியிருக்கிறேன். வாசரும் மற்றச் சட்டையும் தண்டலிடம் கொடுத்திருக்கிறேன். தாழ்ப்பாள் மாற்றியாயிற்று. கோழியும் சுகம் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
அக்கா மெட்டில்டா


கொழும்பு
29 ஏப்ரல் 1946

அக்காவுக்கு, சுகம். பாஸ்குத் திருநாள் நல்லபடியாக முடிந்தது. வேலை அதிகம், அதனால் எழுதவில்லை. சட்டை வந்து சேர்ந்தது. அதுவும் நைந்ததால் இந்தத் தோணியில் அனுப்புகிறேன். அடுத்த முறை மணிக்கட்டுப் பட்டையை ஒரு விரல் சுருக்கி ஒட்டவும். ரப்பர் தளர்ந்து தண்ணீர் உள்ளே வருகிறது. உளுந்துத் தைலம் இரண்டு புட்டி அனுப்பினால் நல்லது. எனக்குத் தோள் பிடித்திருக்கிறது.

கஸ்பார்


சேசு மரி சூசை

தூத்துக்குடி
16 மே 1946

அன்புள்ள தம்பிக்கு. நான் சுகம். உன் தோள்வலி எப்படி? தைலம் நானே காய்ச்சி மூன்று புட்டி அனுப்பியிருக்கிறேன்.

உன்னைத் திட்ட வேண்டியிருக்கிறது. உரக்க வாசி. வந்த சட்டையின் இரண்டு கைப் பட்டைகளும் பிசுபிசுவென்று இருக்கின்றன. எண்ணெய்க் கையோடு அந்தப் பட்டைக்குள் யார் கை நுழைந்தது? எண்ணெய் ரப்பரைத் தின்றுவிடும், சோப்புத் தண்ணீர்தான் தடவ வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேனே. தளர்ச்சி என்று நீ எழுதினது இதனால்தான். புதுப் பட்டை போட்டாயிற்று. கேட்டபடி ஒரு விரல் சுருக்கியிருக்கிறேன். அவர் கைக்கு இறுக்கும், பார்த்துக்கொள்.

போன கடிதத்தில் அவர் சொன்னதாக ஒரு வார்த்தையும் இல்லை. பாஸ்குவுக்கு என்ன சாப்பிட்டார் என்றுகூட எழுதவில்லை. தண்டலிடம் கேட்டால், "நல்லா இருக்காவ தாயி" என்று சொல்லிவிட்டு மூட்டைக் கயிற்றை அவிழ்க்கிறதையே பார்க்கிறார். என் மேல் கோபமா என்று அவரிடம் கேட்டு, வாயில் வந்ததை வந்தபடி எழுது. கயிறு உன் கையில்தானே இருக்கிறது? அதையும் எழுது.

கூடத்தில் சட்டை தொங்குகிற நாட்களில் வீட்டில் ஆள் இருக்கிறது போல இருக்கிறது. தோணி ஏற்றிவிட்ட நாள்தான் வீடு பெரிதாகிவிடுகிறது.

இப்படிக்கு,
அக்கா மெட்டில்டா


கொழும்பு
22 சூன் 1946

அன்புள்ள அக்காவுக்கு. நாங்கள் சுகம். தைலம் வந்தது, குணம் தெரிகிறது. அத்தானுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. "என் அன்பான மனைவியை நான் மிகவும் விசாரித்ததாக எழுதவும்" என்று சொன்னார். இங்கே மழை. சட்டையை இத்துடன் அனுப்புகிறேன். நடுவில் நேரம் இல்லாததால் அலசவில்லை, மன்னிக்கவும். இன்னும் இரண்டு புட்டித் தைலம் வேண்டும்.

கஸ்பார்


சேசு மரி சூசை

தூத்துக்குடி
9 சூலை 1946

தம்பிக்கு. நான் சுகம்.

"என் அன்பான மனைவி" என்று உன் அத்தான் சொன்னாரா? கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை "ஏளா" என்றும், கோபம் வந்தால் "இந்தாளா" என்றும்தான் கூப்பிட்டிருக்கிறார். அதைப் படித்ததும் அவர் இல்லையோ என்றே நினைத்தேன். அந்த நினைப்போடுதான் மூட்டையை அவிழ்த்தேன்.

சட்டையின் முழங்கால் ஒட்டுகள் புதிதாக இருக்கின்றன. தேய்ந்திருப்பது அந்த ஒட்டுகளுக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில். கணுக்காலில் துணி மடிந்து மடிந்து வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது. நீளக் காலுக்கு எடுத்த சட்டை அவர் காலில் அப்படி மடியாது. குட்டையான ஒருவன் அதைப் போட்டுக்கொண்டு கடலடியில் முட்டி போட்டிருக்கிறான். ஒரு விரல் சின்ன மணிக்கட்டு உள்ளவன். அவன் கையில் நான் காய்ச்சிய உளுந்துத் தைலத்தின் வாடை இருக்கிறது. தோளுக்குத் தேய்க்கிறவனுக்கு மாதம் மூன்று புட்டி ஆகாது.

கஸ்பார், இந்தச் சட்டையைப் போடுவது நீ. அப்படியானால் அவர் எங்கே? மேலே கயிறு யார் கையில்? மற்றதைத் தண்டல் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நீ உள்ளதை எழுதுகிறவரை இந்தச் சட்டை கூடத்தைவிட்டு நகராது.

மெட்டில்டா


சேசு மரி சூசை

கொழும்பு
24 சூலை 1946

அக்கா,

அத்தான் உயிரோடு இருக்கிறார். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

மார்ச் கடைசியில், ஆழமான பக்கத்தில் வெகுநேரம் வேலை செய்துகொண்டிருந்தார். கயிறு துடித்தது. சைகையா, இரும்பில் மாட்டியதா தெரியவில்லை. நான் இழுத்துவிட்டேன். நிறுத்தாமல் இழுத்தேன். தொப்பியைக் கழற்றினதும், "எதுக்குல இழுத்த? நல்ல செம்பு கையில கெடச்சிது" என்று திட்டினார். சிரித்துக்கொண்டேதான் திட்டினார். கொஞ்ச நேரத்தில் முழங்காலில் எறும்பு ஊர்கிறது என்றார். எழுந்து நிற்கப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இடுப்புக்குக் கீழே காற்றுப் பிடித்துவிட்டது என்றார்கள். அன்றிலிருந்து காலில் அசைவு இல்லை.

உனக்கு எழுதக் கூடாது என்று அந்தோனியார் மேல் சத்தியம் வாங்கினார். "நடந்து வந்தவன் நடந்துதான் ஊருக்குப் போவேன். எவன் தோள்லயும் ஏறிப் போக மாட்டேன்" என்கிறார். இங்கே ஒரு சிங்கள வைத்தியர் தினமும் தைலம் தேய்க்கச் சொன்னார். காலையில் தேய்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். ஆள் இறங்கினால்தான் அறையும் வைத்தியமும் நடக்கும். அதனால் நான் இறங்குகிறேன். அத்தானை மிதவைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பம்புப் பெட்டி மேல் உட்கார வைத்துவிடுவோம். கயிறு அவர் கையில். "கயித்துக்கு ரெண்டு பக்கமும் மச்சான் மச்சினன்தான். எவன் மேல எவன் கீழங்கதுதான் மாறிப்போச்சு" என்று ஆட்களிடம் சொல்லிச் சிரிக்கிறார். ராத்திரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

சட்டை வராததால் கையில் இருக்கிறதையே மாற்றாமல் போடுகிறேன். தோள் தையலில் தண்ணீர் வருகிறது. நேற்று மார்பு வரைக்கும் ஏறிவிட்டது. பயப்படாதே, சமாளித்துக்கொள்ளலாம்.

கஸ்பார்


சேசு மரி சூசை

தூத்துக்குடி
6 ஆகஸ்டு 1946

தம்பி, இந்தக் கடிதம் உனக்கு அல்ல, உன் அத்தானுக்கு. நீதான் வாசிக்க வேண்டும், வேறு வழியில்லை. கூட்டாமல் குறைக்காமல் வாசி. கேட்க வெட்கமாக இருக்கும் இடத்தில் அவர் முகத்தைப் பார்க்காதே.

என் புருஷன் அவர்களுக்கு மெட்டில்டா தாழ்மையாய் எழுதிக்கொண்டது. நேற்று மாதா சப்பரம் நம் தெரு வழியாக வந்தது. உங்கள் காலுக்காக வேண்டிக்கொள்ள நின்றேன். கூட்டத்தில் எல்லார் வீட்டு ஆண்களும் இருந்தார்கள்.

சட்டையைப் பிடித்து வைத்தால் நீங்கள் இருவரும் வந்துதானே ஆக வேண்டும் என்று நினைத்தேன். தம்பி ஓட்டைச் சட்டையோடு இறங்குகிறான் என்று வாசித்தபின் இதை ஒரு நாள்கூட வைத்திருக்க முடியவில்லை. முழங்கால் ஒட்டை அவன் முட்டி இருக்கிற இடத்துக்கு ஏற்றிவிட்டேன். கணுக்காலை மடித்துத் தைத்துவிட்டேன். இனி இது உங்களுக்குச் சேராது.

சிஸ்டரிடம் மறுபடியும் போய், அன்று கேட்காமல் விட்ட பக்கத்துக்கு அர்த்தம் கேட்டேன். ஆழத்தில் உடம்புக்குள் போன காற்று மெதுவாகத்தான் வெளியேற வேண்டுமாம். சட்டென்று தூக்கினால் ஆளை முடக்கிவிடுமாம். துரை சொன்னது அதுதான். யோசிக்காதே, இழு என்று எழுதினது என் கை. தம்பி தன் கடிதத்தில் அதை ஒரு இடத்திலும் சொல்லிக்காட்டவில்லை. மூச்சுப் பிடித்து முங்குகிற சங்குகுளிக்குச் சரியாய் இருந்ததை, காற்றுக் குழாயோடு முங்குகிறவருக்கும் சரி என்று நினைத்துவிட்டேன். அதற்கு நான் சர்வேசுரனிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இனி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அவன் கயிறு பிடித்தபோது அவனுக்கு அக்காள் தாலி ஞாபகம் இருந்தது. நீங்கள் பிடிக்கும்போது யாருடைய ஞாபகம் இருக்கிறது? அவனுக்குப் பெண்டாட்டி இல்லை. அப்பாவும் அம்மாவும் இல்லை. அவன் கீழே கிடந்தால் மாரடிக்கிறவள் நான் ஒருத்திதான். நீங்கள் நடந்து வர வேண்டும் என்பதற்காக என் தாய் வயிற்றுப் பிள்ளை தினமும் இறங்குகிறான்.

நடந்து வாருங்கள் என்று நான் எந்தக் கடிதத்தில் எழுதினேன்? வாருங்கள் என்றுதானே எழுதினேன். இந்த வீட்டில் ஏழு மாதமாக ஆள் இல்லாத சட்டையோடு பேசிக்கொண்டிருக்கிறேன். கால் இல்லாத ஆளோடு பேச எனக்குத் தெரியாதா?

மெட்டில்டா


சேசு மரி சூசை

கொழும்பு
20 ஆகஸ்டு 1946

அன்புள்ள அக்காவுக்கு. இருவரும் சுகம். இந்த முறை சொல்லுகிற சுகம் பொய் இல்லை.

உன் கடிதத்தை வாசித்தேன். நீ சொன்னபடி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முடிந்ததும், "மறுபடி வாசில" என்றார். வாசித்தேன். "அவ குரல்ல வாசில" என்றார். எனக்கு அது எப்படி வரும்? ஆனாலும் வாசித்தேன்.

மறுநாள் உன் சட்டையைப் போட்டுக்கொண்டு, தொப்பியை மாட்டப் போகிற நேரம். அத்தான் கயிறு முழுவதையும் சுருட்டித் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "அத்தான், கயிறு" என்றேன். "நான் புடிக்க மாட்டேன்" என்றார். விளையாடுகிறார் என்று பம்புக்காரர்கள் சிரித்தார்கள். ஒப்பந்தக்காரரின் ஆள் ஓடிவந்து, "கெழவன் கிட்ட எதுக்கு மல்லுக்கட்டு, வேற ஆளப் புடிக்கச் சொல்லுங்க" என்று சத்தம் போட்டான். அத்தான் அவனைக் கிட்டே கூப்பிட்டார். "இவன் என் பெண்டாட்டி கூடப்பொறந்தவன். இந்தக் கயித்த வேற எவன் தொட்டாலும் கைய முறிச்சிருவேன். எனக்குக் கால்தான் போயிருக்கு" என்றார்.

அன்று நான் இறங்கவில்லை. அதன் பிறகும் இறங்கவில்லை. வேலையை விட்டாயிற்று. பம்பையும் தொப்பியையும் மூட்டை கட்டிவிட்டேன். அடுத்த மாதம் நம் தண்டல் தோணியில் வருகிறோம்.

ஒரே ஒரு பிடிவாதம் பிடிக்கிறார். தோணி இருட்டின பிறகுதான் கரை தட்ட வேண்டுமாம். அவரைத் தூக்கிக்கொண்டு வருவதைத் தெருவில் ஒருவரும் பார்க்கக் கூடாதாம். கால் விஷயத்தை யாரிடமும் நீ மூச்சு விடக் கூடாது என்றும் எழுதச் சொன்னார். தண்டலும் சரி என்றிருக்கிறார். நீ என்ன சொல்கிறாய்?

இப்படிக்கு,
தம்பி கஸ்பார்


சேசு மரி சூசை

தூத்துக்குடி
2 செப்டம்பர் 1946

என் புருஷன் அவர்களுக்கு. தம்பி, வாசி.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறீர்கள். நேற்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையை உங்களுக்காக ஒப்புக்கொடுத்தேன். பிரசங்கத்துக்கு முன் சாமியார் பூசைக் கருத்து வாசிப்பார், தெரியும்தானே. "என்ன எழுத?" என்று முந்தின நாள் கேட்டார். "சுகத்துக்காக என்று போட்டால் போதாதா?" என்றும் கேட்டார். போதாது, உள்ளதை உள்ளபடி வாசியுங்கள் என்று சொன்னேன்.

இதுவரை என் வாயால் சொல்லாத உங்கள் பெயரை அவர் சொன்னார். சூசைமிக்கேல் என்பவர் கொழும்பில் கடல் வேலையில் இரண்டு காலும் முடங்கி ஊர் திரும்புகிறார், அவருக்காக என்றார். கோயில் நிறைய ஆள். எல்லாரும் திரும்பிப் பெண்கள் பக்கம் பார்த்தார்கள். நான் முக்காட்டை இழுத்துவிடவில்லை. அற்புதமணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏளா, இத்தன நாளா இத வச்சிக்கிட்டா தீக்குச்சி தந்துக்கிட்டு இருந்த?" என்று அழுதாள்.

வெளியே வந்ததும் தெருவில் உள்ள ஆண்கள் நாலு பேர், தோணி எந்தப் பக்கம் கரை பிடிக்கும், எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டார்கள். தண்டல் வந்ததும் சொல்கிறேன் என்றேன்.

ஆகையால் இருட்டுவதற்கு என்று கடலில் காத்துக் கிடக்க வேண்டாம். தெரியக் கூடாதவர்கள் என்று இங்கே இனி ஒருவரும் இல்லை. பகலிலேயே வாருங்கள்.

மெட்டில்டா